ட்ரோலிங் மோட்டார் பேட்டரியைப் படகுத் திரையில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது ஒன்டாரியோவில், ஸ்கார்பரோவில். பனி உருகிப் படகுகள் வெளியே வந்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். சிம்கோ ஏரி, ஸ்குகோக் ஏரி, ரைஸ் ஏரி என்று பாஸ் மீனுக்குப் போகும் நம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் மீனைப் பற்றி இல்லை, பேட்டரியைப் பற்றித்தான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணமும் மதுரையும் கலந்துதான் இருக்கும்.

1. படகுல பெரிய இன்ஜின் இருக்கே, அப்புறம் ட்ரோலிங் மோட்டார் எதுக்கு?

பெரிய இன்ஜின் மீன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே போனபிறகு சத்தமில்லாமல் நகரவும், காற்றடித்தாலும் ஒரே இடத்தில் நிற்கவும் மின்சார மோட்டார் வேண்டும். நம் கடற்கரைக்காரர்கள் அணியம் என்பார்களே, படகின் அந்த முன்முனையில்தான் அதைப் பொருத்துவார்கள். 1934-இல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தில் பிறந்த சாமான் இது. மின்னசோட்டா, வடக்கு டகோட்டா இரண்டு மாநிலப் பெயர்களையும் ஒட்டித்தான் அதைச் செய்த கம்பெனிக்கு மின் கோட்டா என்று பெயர் வைத்தார்கள்.

இது 12, 24, 36 வோல்ட் என்று மூன்று வகையில் வருகிறது. 12 வோல்ட் என்றால் ஒரு பேட்டரி. 24 என்றால் இரண்டை வரிசையாக, அதாவது சீரீஸில் இணைக்க வேண்டும். 36 என்றால் மூன்று. பெரிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி இவற்றோடு சேராது, அது தனி. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தேவைப்படாது.

2. ஃபிஷ்ஃபைண்டர் திரையில 12.6 வோல்ட்னு காட்டுது. அப்போ ட்ரோலிங் பேட்டரி ஃபுல்தானே?

இல்லை. எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான்.

திரையின் மூலையில் தெரியும் வோல்ட், அந்தத் திரைக்கு எந்த பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிறதோ அதனுடையது. பெரும்பாலான படகுகளில் ஃபிஷ்ஃபைண்டர், அதாவது தண்ணீருக்கடியில் இருக்கும் மீனைச் சோனார் ஒலியால் தேடிக் காட்டும் திரை, ஓடுவது இன்ஜின் ஸ்டார்ட் பேட்டரியில். ட்ரோலிங் பேட்டரி செத்துக் கிடந்தாலும் திரை 12.6 என்றுதான் காட்டும். பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து நம் கரண்ட் பில்லைக் கணக்குப் போடுவது மாதிரி.

3. எந்த பேட்டரியைக் காட்டுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இரண்டு சோதனை போதும், கருவி எதுவும் வேண்டாம். பெரிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து திரையைப் பாருங்கள். எண் 12.6-இலிருந்து 14 பக்கம் ஏறினால், இன்ஜின் சார்ஜ் செய்யும் பேட்டரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதாவது ஸ்டார்ட் பேட்டரி.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, தண்ணீரில் வைத்தே ட்ரோலிங் மோட்டாரை முழு வேகத்தில் பத்து விநாடி ஓட்டுங்கள். எண் அசையவே இல்லையா? ட்ரோலிங் பேட்டரிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டென்று இறங்கினால் அது ட்ரோலிங் பேட்டரியின் எண்.

4. மோட்டார்லயே நாலு லைட் இருக்கே, பட்டனை அழுத்தினா எரியுது. அது போதாதா?

ஈய-அமில பேட்டரி வைத்திருந்தால் ஓரளவுக்குப் போதும். மோட்டார் ஓடாமல் இருக்கும்போதுதான் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். லித்தியம் வைத்திருந்தால் அந்த விளக்குகளை மறந்துவிடுங்கள். பேட்டரி கிட்டத்தட்ட காலியாகும்வரை நாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். காரணம் 6-ஆம் கேள்வியில்.

5. எத்தனை வோல்ட் இருந்தா எத்தனை சதவீதம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

ஈய-அமிலத்துக்குச் சொல்லலாம். 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 12.7 என்றால் முழுசு. 12.4 சுமார் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஏஜிஎம் என்னும் மூடிய ஈய-அமில வகை இதைவிடக் கொஞ்சம் தூக்கலாகக் காட்டும். 24 வோல்ட்டுக்கு இரண்டால் பெருக்குங்கள், 36-க்கு மூன்றால்.

ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரி ஓய்வில் இருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிய கையோடு அளந்தால் 13-க்கு மேல் காட்டும், அது பொய். மோட்டார் ஓடும்போது அளந்தால் குறைவாகக் காட்டும், அதுவும் பொய். சில மணி நேரம் சும்மா கிடந்த பேட்டரியின் எண்தான் நம்பத்தக்கது. ஏரி நடுவில் அந்த ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது? மதிய சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் ஏறக்குறைய சொல்லலாம். ஈய-அமிலத்தை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 12.2-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. லித்தியம் மாத்தினதுலேர்ந்து காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே நம்பர். மீட்டர் கெட்டுப்போச்சா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. லித்தியத்தின் சுபாவமே அப்படி. படகுகளில் போடுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 3.2 வோல்ட் செல்கள் நாலு சேர்ந்து ஒரு 12 வோல்ட் பேட்டரி. முழு சார்ஜில், ஓய்வில், 13.3 அல்லது 13.4 காட்டும். 70 சதவீதத்தில் சுமார் 13.2. 30 சதவீதத்தில் சுமார் 13.0. நடுவே நாற்பது சதவீதம் செலவாகியிருக்கிறது, எண்ணில் இறங்கியதோ 0.2 வோல்ட்தான். பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் தொப்பென்று விழும்.

மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்குவது ஈய-அமிலம். லித்தியம் மொட்டைமாடி மாதிரி. விளிம்பு வரை சமதளம், அப்புறம் ஒரே விழுகை. அதனால் லித்தியத்துக்கு வோல்ட்டை வைத்துச் சதவீதம் சொல்லும் எந்த மீட்டரையும் நான் நம்புவதில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணுகிற மீட்டர்தான் சரிப்படும்.

7. ஷண்ட் ஷண்ட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

பேட்டரியின் நெகட்டிவ் வயரில் போடும் ஒரு பித்தளைக் கட்டை. அதன் நடுவில் மிகத் துல்லியமான சிறு மின்தடை. கரண்ட் அதைக் கடக்கும்போது இரண்டு முனைக்கும் நடுவில் துளி வோல்ட் உண்டாகும். 500 ஆம்பியர் ஷண்ட்டில் 500 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட், 50 ஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட். அதை அளந்து, எத்தனை ஆம்பியர் எவ்வளவு நேரம் ஓடியது என்று மீட்டர் கூட்டிக்கொண்டே போகும். ஆம்பியர்-அவர் என்பது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு. 100 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து 40 வெளியே போயிருந்தால் மிச்சம் 60 சதவீதம். மளிகைக்கடைப் பற்று வரவுதான்.

விக்ட்ரான் ஸ்மார்ட்ஷண்ட் மாதிரியானவை புளூடூத் வழியே போனில் காட்டும். வாங்கியதும் உள்ளே இருக்கும் அமைப்பு ஈய-அமிலத்துக்கானதாக இருக்கக்கூடும், லித்தியத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். வேகமாக இறக்கினால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று சொல்லும் பியூகர்ட் எண் 1.05, சார்ஜ் திறன் 99 சதவீதம். கொள்ளளவு போடும் இடத்தில் பலர் தவறுவார்கள். இரண்டு 100 ஆம்பியர்-அவர் பேட்டரியைச் சீரீஸில் போட்டால் 24 வோல்ட், 100 ஆம்பியர்-அவர்தான். 200 என்று போட்டால் பேட்டரி முழுக்கக் காலியாகும்போதும் மீட்டர் 50 சதவீதம் என்று சொல்லும்.

8. அண்ணை, பட்டரியிலேயே புளூடூத் இருக்கு. பிறகேன் ஷண்ட்?

ஒரே ஒரு பேட்டரி, போனில் பார்த்தால் போதும் என்றால் ஷண்ட் தேவையில்லை. இரண்டு தொல்லைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேட்டரி இருந்தால் மூன்று எண்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதில் மிகக் குறைவானதுதான் உங்கள் உண்மையான எண். அடுத்தது, பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது அதைக் காவல் காக்கும் சர்க்யூட், மிகச் சிறிய கரண்ட்டை எண்ணாமல் விட்டுவிடுவதுண்டு. வாரக்கணக்கில் முழுசாகச் சார்ஜ் ஆகாமல் ஓட்டினால் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாக வழிதவறும். ஒரு தடவை நூறு வரை ஏற்றிவிட்டால் திருந்திக்கொள்ளும்.

இன்னொன்று, கையில் மீன் வழுவழுப்பும் தூறலுமாக இருக்கும்போது பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

9. அந்த சதவீதத்தை ஃபிஷ்ஃபைண்டர் திரையிலேயே கொண்டுவர முடியுமா?

முடியும், இரண்டு வழி. முதலாவது, மோட்டாரும் திரையும் ஒரே கம்பெனியாக இருப்பது. கார்மின் ஃபோர்ஸ் மோட்டார் தன்னோடு சேரும் கார்மின் திரைகளுக்கு வயர் இல்லாமலே பேட்டரி நிலையை அனுப்பும். மற்ற கம்பெனிகளில் மாடலுக்கு மாடல் வேறுபடும், வாங்கும் முன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். மோட்டார் அனுப்புவது வெறும் வோல்ட்டா, எண்ணிய சதவீதமா என்பதையும் பாருங்கள். வெறும் வோல்ட் என்றால் 6-ஆம் பதில் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது வழி என்எம்இஏ 2000. படகுச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் கம்பி வலை இது. இதில் பேசக்கூடிய பேட்டரி மானிட்டர் ஒன்றை வாங்கிப் போட வேண்டும். மாரெட்ரான் டிசிஎம்100 ஓர் உதாரணம். பேட்டரி தகவலுக்கு இந்த வலையில் இரண்டு செய்திகள் உண்டு. 127508 என்ற எண்ணுள்ளது வோல்ட், ஆம்பியர், வெப்பநிலையைச் சுமக்கும். மிச்சச் சதவீதமும் மிச்ச நேரமும் 127506-இல் வரும். மானிட்டர் இரண்டையும் அனுப்ப வேண்டும், உங்கள் திரை இரண்டையும் படிக்க வேண்டும். ஒன்று இல்லையென்றால் வோல்ட் வரும், சதவீதப் பெட்டியில் மூன்று கோடுகள்தான் இருக்கும்.

வலையின் இரண்டு கோடியிலும் 120 ஓம் டெர்மினேட்டர், அதாவது முனையை மூடும் சிறு மின்தடை, போட மறக்காதீர்கள். வலைக்குக் கரண்ட்டை ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து எடுங்கள். இது 9 முதல் 16 வோல்ட்டுக்குள் வாழ்கிற வலை. 24 வோல்ட்டைக் கொடுத்தால் அதில் தொங்கும் சாதனங்கள் ஒன்றாகப் போய்ச்சேரக்கூடும்.

10. என்எம்இஏ போட்டாச்சு. ஆனா திரையில 12.7, 26.3, 12.7, 26.3னு மாறி மாறிக் குதிக்குது.

பேய் இல்லை, பெயர்க் குழப்பம். வலையில் ஒவ்வொரு பேட்டரிக்கும் இன்ஸ்டன்ஸ் என்று ஓர் எண் உண்டு. ஸ்டார்ட் பேட்டரியைப் பற்றி இன்ஜின் பேசுகிறது, ட்ரோலிங் பேட்டரியைப் பற்றி மானிட்டர் பேசுகிறது. இரண்டும் தங்களைப் பூஜ்யம் என்றே அறிமுகம் செய்துகொண்டால் திரை ஒரே பெட்டியில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும். ஒரு வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் வருகைப் பதிவேடு என்ன ஆகும், அதுதான்.

மானிட்டரின் இன்ஸ்டன்ஸை 1 என்று மாற்றுங்கள். பிறகு திரையில் பேட்டரி 1-க்கு ஒரு பெட்டி வைத்து ‘ட்ரோலிங்’ என்று பெயர் கொடுங்கள்.

11. அண்ணை, என்ர மோட்டார் 36 வோல்ட். மூண்டு பட்டரியில ஒண்டில இருந்து ஃபிஷ்ஃபைண்டருக்கு வயர் எடுக்கலாமோ? வோல்ட்டும் அதில தெரியும்தானே?

வேண்டாம். மோட்டாரின் நெகட்டிவ் வயர் மாட்டியிருக்கும் முதல் பேட்டரியில் எடுத்தால் அது மட்டும் மற்ற இரண்டைவிடச் சீக்கிரம் இறங்கும், மோட்டாரின் இரைச்சல் சோனார் படத்தில் கோடு கோடாக விழும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ எடுத்தால் இன்னும் மோசம். இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவ், முதலாவதன் நெகட்டிவைவிட 12 வோல்ட் மேலே நிற்கிறது. மூன்றாவதுடையது 24. அந்தத் திரையை என்எம்இஏ வயராலோ வேறு கேபிளாலோ படகின் மற்ற சாதனங்களோடு இணைத்த கணத்தில் இரண்டு நெகட்டிவும் சந்தித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் மெல்லிய கேபிள் வழியாக பேட்டரியின் முழுக் கோபமும் பாயும்.

திரைக்கு என்று தனியாகச் சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று வைப்பதே நல்லது. ட்ரோலிங் வோல்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 9-ஆம் பதிலின் வழி இருக்கிறது.

12. ஷண்ட் போட்டேன், ராத்திரி முழுக்கச் சார்ஜ் பண்ணினேன். காலையில பார்த்தா நேத்து விட்ட 58 சதவீதத்துலயே நிக்குது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதனால் கேட்டதும் எங்கே பிசகு என்று தெரிந்துவிட்டது. சார்ஜரின் கறுப்பு வயர் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மாட்டியிருக்கும். அப்படியென்றால் சார்ஜ் கரண்ட் ஷண்ட்டைக் கடக்காமல் கொல்லைப்புறமாகப் போய்விடும். செலவு கணக்கில் வரும், வரவு வராது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜரைச் சந்தேகித்து, பிளக்கைச் சந்தேகித்து, வீட்டு பிரேக்கர் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். பேட்டரி முனையில் மூன்று வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. ஷண்ட் வயர் ஒன்றுதான் அங்கே இருந்திருக்க வேண்டும். மற்ற இரண்டையும் ஷண்ட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினேன்.

24, 36 வோல்ட்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம். படகில் பதித்த சார்ஜர் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி வயர்ஜோடி போடும். இரண்டாவது பேட்டரியின் சார்ஜ் கரண்ட் அதற்குள்ளேயே சுற்றிவிடும், ஷண்ட் அதைப் பார்க்கவே வழியில்லை. முதல் பேட்டரியின் கறுப்பு வயரை மட்டும் ஷண்ட்டின் மறுபக்கத்தில் மாட்டுங்கள். எல்லாமே ஒரே அளவு ஏறும் என்ற நம்பிக்கையில் முதலாவதை வைத்து மற்றவற்றையும் கணக்கிடுகிறோம். அந்த நம்பிக்கை எப்போது பொய்க்கும் என்பது கடைசிக் கேள்வியில்.

13. ஃபுல் ஸ்பீடு வெச்சா வோல்ட் தடால்னு இறங்குது, நிறுத்தினா ஏறிடுது. பேட்டரி போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. வோல்ட் எங்கே அளக்கப்படுகிறது என்று பாருங்கள். பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால், நடுவே 6 மீட்டர் வயர் போய் 6 மீட்டர் திரும்புகிறது. 6 கேஜ் செம்பு வயரின் தடை மீட்டருக்கு சுமார் 1.3 மில்லி ஓம். 50 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே கிட்டத்தட்ட 0.8 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டார் அனுப்பும் எண் அந்தக் கோடியில் அளந்தது. ஷண்ட் அளப்பது பேட்டரி வாசலில். ஒரே நேரத்தில் இரண்டும் வேறு வேறு எண் சொல்வது இயல்புதான்.

இறக்கம் இரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் அல்லது போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்பு சூடாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. அணியத்தில் மோட்டாரைச் செருகும் பிளக்கை முதலில் பாருங்கள்.

14. 60 சதவீதம் இருக்கு. இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும்?

சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஆம்பியரைப் பாருங்கள். 80 பவுண்டு தள்ளுவிசையுள்ள 24 வோல்ட் மின் கோட்டா முழு வேகத்தில் 56 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் லித்தியத்தில் 60 சதவீதம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மெதுவாக 12 ஆம்பியரில் நகர்ந்தால் அதே 60 ஐந்து மணி நேரம் வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே ஆம்பியர் மளமளவென்று சரியும். அவசரமில்லையென்றால் மோட்டாரின் வேக எண்ணை 10-இல் வைக்காமல் 6-இல் வைத்து வாருங்கள். ஈய-அமிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. 100 என்று எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. 50 ஆம்பியரில் இழுத்தால் அதில் கணிசமாகக் குறையும்.

ஆம்பியர் எண் இன்னொன்றையும் சொல்லும். ஸ்குகோக் ஆழம் குறைந்த ஏரி, ஆடி மாத வெயிலில் பாசி படகைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் வேகத்தை மாற்றாமலே என் திரையில் 11 ஆக இருந்த எண் 14 ஆகி, 19 ஆகி, 23-இல் போய் நின்றது. மோட்டாரைத் தூக்கினால் ப்ரொப்பெல்லரில் ஒரு கூடை பாசி, வைக்கோல் பிரி மாதிரி முறுக்கிக்கொண்டு. பிய்த்துப்போட்டுவிட்டு இறக்கினேன், மறுபடி 11. காற்று நாளில் ஸ்பாட்-லாக், அதாவது ஜிபிஎஸ் பார்த்து மோட்டாரே படகைப் பிடித்து நிறுத்தும் வசதி, போட்டு ஒரே இடத்தில் நின்றாலும் இப்படித்தான். படகு நகரவில்லையே என்று நாம் நினைப்போம், மோட்டார் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

15. அலாரம் எந்த நம்பர்ல வைக்கறது?

லித்தியம், சதவீதம் வருகிறது என்றால் 25. ஈய-அமிலம் என்றால், மோட்டார் ஓடும்போது பேட்டரி ஒன்றுக்கு 11.5 வோல்ட். லித்தியத்துக்கு வோல்ட் அலாரம் மட்டும்தான் இருக்கிறதென்றால் பேட்டரி ஒன்றுக்கு 12.5 வையுங்கள். முழு வேகத்தில் சில சமயம் வீணாகக் கத்தும், பரவாயில்லை. 12-இல் வைத்தால் அது கத்தும்போது நீங்கள் மொட்டைமாடி விளிம்பைத் தாண்டியிருப்பீர்கள்.

16. திரை 40 சதவீதம்னு காட்டிட்டு இருந்தது. திடீர்னு மோட்டார் செத்துப்போச்சு, வோல்ட் பூஜ்யம். எப்படி?

சீரீஸில் இருக்கும் லித்தியங்களில் ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாகச் சார்ஜ் ஆகியிருந்திருக்கும். கரண்ட் எல்லாவற்றிலும் ஒரே அளவுதான் ஓடும், ஆகவே அது முதலில் காலியாகும். காலியானதும் அதன் பிஎம்எஸ் கதவை மூடிவிடும். பூமாலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதுமே, 36 வோல்ட் மொத்தமும் போய்விடும். ஷண்ட் பொய் சொல்லவில்லை. மொத்தமாக எவ்வளவு போனது என்றுதான் அதற்குத் தெரியும், யாரிடம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. சார்ஜரின் ஒரு வயர்ஜோடியில் ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கதைதான். முதல் பேட்டரி நன்றாக ஏறியதைப் பார்த்து ஷண்ட் 100 என்று எழுதியிருக்கும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, மோட்டாரை ஆஃப் செய்து பிரேக்கரை இறக்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பது. சுமை போனதும் சில பிஎம்எஸ் தானாகத் திறக்கும், சில சார்ஜர் மாட்டினால்தான் திறக்கும். திறந்தாலும் மீன்பிடியைத் தொடர வேண்டாம், பெரிய இன்ஜினில் கரை சேருங்கள். ஸ்டார்ட் பேட்டரியைத் தனியாக விட்டிருப்பவர்களுக்கு அது கஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜர் மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்து மூன்றையும் தனித்தனியாக அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 13.1, 13.1, 10-க்குக் கீழே ஏதோ ஒன்று என்று வந்தால் மூன்றாவதுதான் ஆள். வேறொரு சார்ஜரில் ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் செய்து, ஓர் இரவு சும்மா விட்டு, மறுபடி அளங்கள். மூன்றும் ஒன்றாக நின்றால் கோளாறு சார்ஜர் வயரில். மூன்றாவது மட்டும் மறுபடி சரிந்திருந்தால் வாரண்டி அட்டையைத் தேட ஆரம்பியுங்கள்.